பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணி

வாங்க டீச்சர், உள்ள வாங்க. செருப்பக் கழட்ட வேண்டாம், வீட்டுக்குள்ளயும் மணலுதான். காலையில பெருக்குனா மத்தியானம் திரும்ப வந்து படுத்துக்கிடும். அந்த நாற்காலியில உக்காருங்க. ஒரு காலு ஆடும், பைய உக்காருங்க.

சுயம்புகனியா? எம் மவதான். நா தங்கபுஷ்பம், அவ அம்மா. அவ இப்ப இல்லயே டீச்சர். டவுனுல ஜவுளிக்கடையில நிக்கா, சாயங்காலம் பஸ்ஸுலதான் வருவா. என்ன விசயம்னு எங்கிட்டயே சொல்லுங்க, அவளுக்கு எல்லாம் நாந்தான்.

ஓ, ஹாக்கியா.

எம் மவ கூட ஆடுன எஸ்தரு சொல்லி அனுப்புனாளா? நெனச்சேன். உங்க பள்ளிக்கூடத்துச் சின்னப் புள்ளையளுக்கு எம் மவ வந்து சொல்லிக் குடுக்கணும். லீவு நாள்ல வந்தாப் போதும், ஓட வேண்டாம், ஓரத்துல நின்னு சொன்னாப் போதும். அப்படித்தான? ரொம்ப நல்ல மனசு டீச்சர் உங்களுக்கு. இவ்வளவு தூரம் வெயில்ல வந்திருக்கிய. சடக்குனு முடியாதுன்னு சொன்னா மரியாத இல்ல. இருந்து நா சொல்லுதத கேட்டுட்டுப் போங்க. நீங்களே அதுதான் சரின்னு சொல்லுவிய.

எங்க ஊரப் பாத்துகிட்டேதான வந்திய. ரோட்ட விட்டு எறங்குனா செவப்பு மணலு, தேரின்னு சொல்லுவோம். காத்தடிச்சா மேடு எடம் மாறும். நேத்து கெடந்த பாதை இன்னைக்குக் கெடக்காது. பாலைவனம்னு சொல்லி சினிமாக்காரன் வந்து படம் புடிப்பான். ஒட்டகம்கூட கொண்டாந்தான் ஒருத்தன். அந்த ஒட்டகத்துக்கு அவனே லாரியில தண்ணியும் கொண்டாந்தான். இங்க ஏது?

இந்த மணல்ல எவளாவது ஓடுவாளா? எம் மவ ஓடுவா. வெள்ளனே எந்திரிச்சுப் போயி தேரி மேட்டுல ஏறி ஏறி எறங்குவா. இவளும் எஸ்தரும்தான். பனைமட்டையில அடிப்பக்கம் வளஞ்சு இருக்கும்லா, அதச் செதுக்கி வச்சுகிட்டு ஆரம்பிச்சாவ. எங்க ஊருப் பள்ளிக்கூடத்துல தேவசகாயம்னு பி.டி. சாரு. நல்ல மனுசன். அவருதான் பெறவு நெச மட்டை வாங்கிக் குடுத்தாரு. மணல்ல பந்து உருளாதுலா, பள்ளிக்கூடத்துக் கட்டாந்தரையிலதான் ஆடுவாவ. அதுல முழுக்கக் கல்லு. பந்து எங்கயோ போவும், கல்லுல பட்டு இவ காலுல வந்து அடிக்கும். முட்டிக்குக் கீழ நாவப்பழம் மாதிரி கன்னிப்போயி வருவா. வெயில்ல பாதம் வெந்து வருவா. வெளக்கெண்ணெய் போட்டுக்கட்டின்னு சொல்லுவேன், போட்டுக்கிடுவா.

பொட்டப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு நா ஒரு நாளும் சொன்னதில்ல டீச்சர். நா அப்படிப்பட்ட அம்மா இல்ல. தண்ணி கோரி வச்சுட்டு, ஆட்டுக்குக் கொழ ஒடிச்சுப் போட்டுட்டு, சோத்த வடிச்சு எறக்கிட்டு, எங்க வேணும்னாலும் போட்டின்னுதான் சொல்லிருக்கேன். அவ அப்பா பம்பாயில மளிகைக்கடையில இருக்காவ, வருசத்துக்கு ஒருக்க கோயில் கொடைக்குத்தான் வருவாவ. நா ஒத்த ஆளா எல்லாம் பாக்கணும்லா. அவளும் மொகம் சுளிக்காமச் செய்வா.

ஆட்டமா? நா எங்க பாத்தேன். ஒண்ணுகூட பாத்ததில்ல. நா போயி உக்காந்து எனக்கு என்ன வெளங்கும்? கப்பு கொண்டாருவா, பாப்பேன். அது போதாதா.

வெளியூருக்கு ஆடப் போனா மட்டும் மொத ஆட்டத்துலயே தோத்துட்டு வந்துருவாவ. அங்கல்லாம் பிளாஸ்டிக் புல்லு போட்டிருக்காம். பந்து சறுக்கிகிட்டு பறக்குமாம், இவங்க தூக்கின மட்டைய எறக்கதுக்குள்ள போயிருமாம். இவ வந்து ரெண்டு நாளு பேச மாட்டா. அப்படி இருக்கையில, நம்ம ஊருல பொறந்து வெளிநாட்டுல பெரிய ஆளா இருக்கிற ஒருத்தரு, பள்ளிக்கூடத்துக்கு அந்தப் புல்லு போட்டுக் குடுத்தாரு. பச்சப் பசேல்னு டீச்சர்! இந்தச் செவப்புக்கு நடுவுல, கண்ணே கூசும். எங்க ஆடு ஒண்ணு கயித்த அத்துகிட்டு ஓடிப்போயி வாய வச்சுட்டுப் பேந்தப் பேந்த முழிச்சுது. ஊரே நின்னு சிரிச்சோம்.

அன்னைக்குச் சாயங்காலம் இவ வந்து சொல்லுதா. "எம்மா, ஆடுததுக்கு முன்ன அதுக்குத் தண்ணி ஊத்தணும்மா."

"பிளாஸ்டிக்குக்கு என்னத்துக்குட்டி தண்ணி? வளரப் போவுதா?"

"இல்லம்மா. காஞ்சு கெடந்தா காலு ஒட்டிக்கிடும். திரும்ப முடியாது. விழுந்தா தோலு உரிஞ்சுரும். தண்ணி நின்னாத்தான் வழுக்கிக் குடுக்கும்."

நா சிரிச்சேன். யாருதான் சிரிக்க மாட்டாவ? நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு அன்னைக்கு அது வேடிக்கையாத்தான் இருந்துச்சு.

வேடிக்கை கொஞ்ச நாளுதான். அதுக்குப் பெறவு மழையே இல்ல. ஐப்பசியும் ஏமாத்துச்சு, கார்த்திகையும் ஏமாத்துச்சு. மறு வருசமும் அப்படியே. கிணத்துல தண்ணி எறங்கி எறங்கி, கடைசியில உப்பு ஊறுச்சு. வாயில வச்சா கொமட்டும். பருப்பு வேவாது. பஞ்சாயத்துக் கொழாயில சொட்டுச் சொட்டா வாறதுக்குக் குடத்த வரிசையில வச்சுட்டு, நாங்க அங்கனயே தூங்குவோம். எங்க நாத்தனாரு ராசகனியோட கைப்புள்ள அந்தத் தண்ணியக் குடிச்சு வயித்தால போயி, ஆஸ்பத்திரியில கெடந்து பொழச்சான். கண்ணு குழிக்குள்ள போயிருச்சு டீச்சர். புள்ளையத் தூக்குனா துணியத் தூக்குத மாதிரி இருக்கும்.

அந்த நேரத்துல, ஆட்டம் இருந்தா எங்க தெரு வழியா லாரி போவும். நல்ல தண்ணி, எங்கயோ ஆத்துப் பக்கம் இருந்து புடிச்சு வாறது. மணல்ல பொதஞ்சிரும்னு அதுக்கு எங்க தெருவ விட்டா வேற வழி கெடையாது. மேல மூடி சரியா இருக்காது, ஆடி ஆடி வழியும். வழிஞ்ச எடத்துல கோழி ஓடிப்போயி கொத்தும். நாங்க காலிக் குடத்தோட நின்னு பாப்போம். பாக்க எப்படி இருக்கும்னு நெனைக்கிய? மனுசப் பயலுக்கு இல்லாத தண்ணி பிளாஸ்டிக்குக்குப் போவுது.

நா மகளிர் குழுத் தலைவி டீச்சர். அப்பவும் நாந்தான், இப்பவும் நாந்தான். மனு குடுத்தோம். ஆபீசு ஆபீசா ஏறி எறங்குனோம். பாக்கேன் பாக்கேன்னாவ. "அது பள்ளிக்கூடத்துத் தண்ணி, வேற கணக்கு" அப்படின்னு ஒருத்தன் சொல்லுதான். தண்ணியில என்னய்யா வேற கணக்குன்னு கேட்டேன். அப்பத்தான் முடிவு பண்ணுனோம், அடுத்த லாரிய மறிக்கதுன்னு.

எம் மவ கனிக்குத் தெரியும். நாங்க கூடிப் பேசுனது இந்த வீட்டுலதான, அவதான் எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடுத்தா. எல்லாரும் போன பெறவு கேட்டா, "எம்மா, என்னைக்கும்மா மறிக்கப் போறிய?" சனிக்கெழமன்னு சொன்னேன். டம்ளரெல்லாம் எடுத்துட்டுப் போனா. பெறவு வந்து, "அன்னைக்குத்தாம்மா எங்களுக்குச் செலக்சன்"னா. மாநில டீமுக்கு ஆளு எடுக்க மெட்ராசுல இருந்து வாறாவளாம். அதுல எடுத்துட்டா படிப்பு, ரயில்வேயில வேலை, எல்லாம் உண்டுன்னு சாரு சொல்லிருக்காரு.

நா சொன்னேன், "உன் ஆட்டத்துக்கு நா குறுக்க நிக்கலட்டி, லாரிக்குத்தான் குறுக்க நிக்கேன். நீ பாட்டுக்கு ஆடு." நியாயந்தான டீச்சர்? ரெண்டும் வேற வேற.

சனிக்கெழம என்னா வெயிலு! காலையிலயே மணலு சுட்டுச்சு. குடத்தையெல்லாம் தெருவுக்குக் குறுக்க அடுக்கிட்டு உக்காந்தோம். லாரி வந்துச்சு, நின்னுச்சு. டிரைவர் எறங்கி, "அக்கா, என் பொழப்பக் கெடுக்காதிய"ன்னு கெஞ்சுதான். போலீசு வந்துச்சு. பேப்பர்க்காரன் வந்தான். நா லாரிக்கு முன்னால நின்னு பேசுனேன். நானா அப்படிப் பேசுனேன்னு எனக்கே ஆச்சரியம். அதுவரைக்கும் இவ்வளவு கூட்டத்துக்கு முன்ன வாயத் தொறந்தவ இல்ல நா.

அப்பத்தான் இவ வாறா. டீம் டிரஸ் போட்டு, ஷூ போட்டு, கூட எஸ்தரு. பள்ளிக்கூடத்துல இருந்து ஓடியே வந்திருக்காவ. மூச்சு வாங்குது.

"எம்மா."

"என்னட்டி?"

"லாரிய விடச் சொல்லும்மா. இன்னைக்கு மட்டும். தரை கொதிக்கும்மா, காஞ்சு கெடக்கு. வந்தவங்க உக்காந்துட்டாவ. ஆட்டத்தைத் தள்ளி வைங்கன்னு சாரு கேட்டாரு. அடுத்த ஊருக்குப் போவணும், முடியாதுன்னுட்டாவ."

எல்லாரும் என் மொகத்தையே பாக்காவ. ராசகனி மட்டும் புள்ளைய இடுப்புல வச்சுகிட்டு பக்கத்துல வந்து, "மைனி, பாதித் தண்ணிய எறக்கிட்டு மீதிய விட்டுருவோம் மைனி. நம்ம புள்ளையதான ஆடுது"ங்கா. அவ புள்ள சாவக் கெடந்து பொழச்சிருக்கு, அவ சொல்லுதா.

நா எப்படி டீச்சர் விட முடியும்? நீங்களே சொல்லுங்க. போலீசு நிக்கி, பேப்பர்க்காரன் நிக்கான். தலைவி மவளுக்குன்னா லாரி போவும், மத்தவனுக்குன்னா போவாதான்னு நாளைக்கு ஒருத்தன் கேக்க மாட்டானா? நா சத்தமாவே சொன்னேன். "எவ மவளா இருந்தாலும் ஒரே நியாயந்தான். ஒரு குடம்கூட அந்தப் பிளாஸ்டிக்குக்குப் போவக் கூடாது!"

கை தட்டுனாவ டீச்சர். போலீசுக்காரன்கூட சிரிச்சான்.

இவ அழல. சண்டை போடல. "சரிம்மா"ன்னா. சரிம்மான்னு சொல்லிட்டுத் திரும்பி நடந்தா. எஸ்தருதான் அழுதுகிட்டே போனா. அப்ப எம் மவளுக்குச் சம்மதம்னுதான அர்த்தம்? சம்மதம் இல்லாட்டா சரின்னு சொல்லுவாளா?

நாங்க ஜெயிச்சோம். ஆபீசரே வந்து, லாரித் தண்ணிய ஊருக்கு எறக்குங்கன்னுட்டாரு. நாந்தான் நின்னு பங்கு வச்சேன். பாதி முடிஞ்சிருக்கும், சாரோட பைக்கு வருது. நடுவுல கனி, பின்னால எஸ்தரு புடிச்சுகிட்டு. ஒரு காலு தொங்குது. என்னையத் தாண்டித்தான் வீட்டுக்குப் போச்சு. நா பாத்தேன். ஆனா வரிசைய விட்டுட்டு ஓட முடியுமா? அடிபுடி ஆயிரும்லா. கடைசிக் குடத்துக்கும் ஊத்திட்டுத்தான் வந்தேன்.

பந்தை எடுத்துகிட்டு ஓடிப்போயி, ஒருத்திய ஏமாத்தி சடக்குனு திரும்பியிருக்கா. ஒடம்பு திரும்பிருக்கு, காலு திரும்பல. புல்லு ஷூவப் புடிச்சுகிடுச்சு. முட்டிக்குள்ள டப்புன்னு ஒரு சத்தமாம், கோட்டுக்கு வெளிய நின்ன சாருக்கே கேட்டுச்சாம். விழுந்த வேகத்துல கை தோலு முழங்கை வரைக்கும் உரிஞ்சிருந்துச்சு. அது வரைக்கும் அவதான் நல்லா ஆடுனாளாம். மெட்ராசுக்காரங்க அவ பேரத்தான் மொத கேட்டாவளாம். எஸ்தரு சொன்னா.

அந்த நல்ல தண்ணியிலதான் அன்னைக்குச் சோறு பொங்குனேன். எவ்வளவு நாளைக்குப் பெறவு! பருப்பு மெழுகா வெந்துச்சு. ஊருல எல்லா வீட்டுலயும் அன்னைக்கு வயிறாரத் தின்னாவ. இவ ஒரு வாய்கூட தொடல. வலியில எப்படித் திங்க முடியும், பாவம்.

மறுநாளு வைத்தியருகிட்ட கூட்டிட்டுப் போயி, முட்டையும் உளுந்தும் வச்சுக் கட்டுப் போட்டேன். அவரு கை பட்டு எத்தன பேரு எந்திரிச்சு நடந்திருக்கான். வீக்கம் வத்துச்சு. ஆனா காலு நிக்கல, மடங்கி மடங்கி விழுந்தா. சாரு வந்து சத்தம் போட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. உள்ள ஜவ்வு அந்துபோச்சு, ஆபரேசன் பண்ணணும், காப்பீட்டு அட்டையிலயே பண்ணிரலாம்னு டாக்டரு சொன்னாரு. பண்ணிட்டுப் பயிற்சி எடுத்தா அடுத்த வருசம் திரும்ப ஆடலாம்னும் சொன்னாரு. அதக் கேட்டதும் இவ என் கையப் புடிச்சா டீச்சர். அந்தச் சனிக்கெழமைக்குப் பெறவு அன்னைக்குத்தான் என்னையத் தொட்டா.

அவளுக்கு அப்ப பதினெட்டு ஆவல. நாங்கதான் கையெழுத்துப் போடணும். அவ அப்பாவுக்குப் போன் போட்டா, "நீ பாத்துச் செய்யி"ன்னுட்டாவ. நா யோசிச்சேன். கத்தி வச்ச காலு, முட்டியில நீளமாத் தழும்பு, நாளைக்கு எவன் கட்டுவான்? ஆட்டம் இன்னும் எத்தன நாளைக்கு? கல்யாணம் ஆயுசுக்கும்லா. நடக்கத்தான செய்யுதா, வேண்டாம்னுட்டேன். டாக்டரு என்னையத் திட்டுனாரு. திட்டட்டும், பெத்தவளுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியுமா?

தழும்பு இல்லாமக் காப்பாத்திட்டேன். ஆனா பொண்ணு பாக்க வாறவங்க அவ நடையப் பாக்காவ. காப்பியக் குடிச்சுட்டு, சொல்லி அனுப்புதோம்னு போறாவ. சொல்லி அனுப்ப மாட்டக்காவ. நேரம் டீச்சர், எல்லாம் நேரம். இப்ப டாக்டருகிட்ட கேட்டா, முட்டி தேஞ்சு போச்சு, இனிப் பண்ணியும் பழைய மாதிரி வராதுன்னு சொல்லுதாவளாம். அவளே தனியாப் போயி கேட்டிருக்கா. எங்கிட்ட சொல்லல, எஸ்தரு சொல்லித்தான் தெரியும்.

தண்ணியா? வந்துச்சு. கொஞ்ச நாளு லாரி வந்துச்சு. பெறவு பைப்பு போட்டுத் தாறோம்னாவ, போட்டாவ. அன்னா பாருங்க, வாசல்ல நிக்கில்லா, அதுதான் பைப்பு. தண்ணிதான் இன்னும் வரல. பேப்பர்ல என் போட்டோ வந்துச்சு. சாரு மாத்தலாகிப் போயிட்டாரு. ஆடுத புள்ளைய ஒவ்வொண்ணா நின்னுருச்சு. எஸ்தர மட்டும் அன்னைக்கே எடுத்துட்டாவ, இப்ப ரயில்வேயில இருக்கா. நம்ம ஊருப் புள்ள, எனக்கும் பெருமைதான். அவ ஊருக்கு வந்தா இவளுக்குக் கடையில லீவு கெடைக்காது. எப்பவும் அப்படி ஆயிருது.

அந்தப் புல்லு காஞ்சு, வெடிச்சு, பாதிய மணலு மூடிருச்சு. மீதிய ஊருல ஆளாளுக்கு அறுத்துட்டு வந்தாவ. ஆட்டுக்கொட்டகைக்கு மேல போடலாம், நல்லாத் தாங்கும். நானும் ஒரு துண்டு கொண்டாந்தேன். நீங்க இப்ப காலு வச்சிருக்கியளே, அது அதுதான். எந்திரிக்காதிய டீச்சர், சும்மா மிதிங்க, அதுக்குத்தான போட்டிருக்கேன். இவ மட்டும் அத மிதிக்க மாட்டா. சுத்திகிட்டு செவரு ஓரமாத்தான் வீட்டுக்குள்ள வருவா. வழுக்கிரும்னு பயம் போல.

ஜவுளிக்கடை வேலை அவளுக்குத் தோதுதான். ஓட வேண்டாம், குனிய வேண்டாம், நிக்கணும் அவ்வளவுதான். ராத்திரி முட்டி வீங்கும், ஒத்தடம் குடுத்துக்கிடுவா. எங்கூட கோவம் எல்லாம் கெடையாது. கேட்டதுக்குப் பதில் சொல்லுவா. "சரிம்மா"ம்பா. எது சொன்னாலும் சரிம்மாதான். இப்படி ஒரு மவ யாருக்குக் கெடைக்கும்?

அவ எல்லாம் மறந்துட்டா டீச்சர். போன மாசம் தெருவுல சின்னப் புள்ளைய பனைமட்டைய வச்சு பந்து அடிச்சுகிட்டு நின்னுது. இவ பஸ்ஸ விட்டு எறங்கி வந்தவ, கைப்பைய மணல்ல வச்சுட்டு, ஒரு புள்ளைக்குப் பின்னால குத்துக்கால் வைக்க முடியாம ஒரு காலை நீட்டி உக்காந்து, அது கையப் புடிச்சு, மட்டைய மாத்திப் புடிக்க வச்சு, என்னமோ சொல்லிகிட்டு இருந்தா. மொகமெல்லாம் செவந்து கெடந்துச்சு. சிரிச்சாளோ என்னமோ, தூரத்துல சரியாத் தெரியல. காலு வலிக்கப் போவுதேன்னு எனக்குப் பதறிருச்சு. "ஏட்டி கனி, உள்ள வா"ன்னு ஒரு சத்தம் போட்டேன். ஒடனே எந்திரிச்சு வந்துட்டா. அந்தப் பக்கம் திரும்பிக்கூட பாக்கல. ஆசை இருந்தா வருவாளா?

என்ன டீச்சர், கண்ணத் தொடைக்கிய? மணலு விழுந்துருச்சா. தண்ணி தாறேன், இருங்க. கொஞ்சம் உப்புக் கரிக்கும், பாத்துக் குடிங்க.

அவகிட்ட நேரா ஒரு வார்த்தை கேக்கணுமா? வேண்டாம் டீச்சர். கேட்டா அவ என்ன சொல்லப் போறா? நா என்ன சொல்லுதேனோ அதத்தான் சொல்லுவா. ஆறுன புண்ணக் கிளற வேண்டாம். நீங்க வந்தத நா அவகிட்ட சொல்லல. நீங்களும் எஸ்தருகிட்ட, வீட்டுல ஆளு இல்லன்னு சொல்லிருங்க. நீங்க நல்லா இருக்கணும்.

பஸ்ஸு சத்தம் கேக்குதுல்லா? முக்குல திரும்புது. நீங்க தெரு வழியாப் போவாதிய டீச்சர், எதிர்ல வந்துருவா. இன்னா, கொல்லைப் பக்கம் வாங்க. இந்தப் பனந்தோப்பு வெளைக்குள்ள கூடி ஒத்தையடிப் பாதை போவும், நேரா ரோட்டுல ஏறிரலாம். மணலு கொஞ்சம் சுடும். வெரசா நடங்க, அவ மெதுவாத்தான் வருவா.